புது ஆய்வு நூலைப் பின்பக்கத்திலிருந்து திறந்து பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஒரு கல்விப் பதிப்பகத்தின் புதிய நூல்கள் பட்டியல் கையில் இருக்கிறது. முப்பது நாற்பது தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ‘இத்துறையில் முதல் முழுமையான ஆய்வு’ என்கிற மாதிரி நான்கு வரி. ஆசிரியர்களில் பாதிப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. விலையோ கைக்கு எட்டாத உயரத்தில். பலர் எழுதிய தொகுப்பு நூல் ஒன்று, பெரிய துறைக் கையேடு ஒன்று, பெயர் தெரியாத ஒருவரின் முதல் நூல் ஒன்று என மூன்றைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். இதில் எதைப் படிப்பது, ஆசிரியரை எப்படி எடைபோடுவது, விலை ஏன் இப்படி, ஆய்வேட்டை முடிக்கப்போகும் ஒருவர் இந்தப் பட்டியலுக்குள் எப்படி வருவது?

பல ஆண்டுகளாக ஆய்வு நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் தரும் பட்டியல், தயாரிப்பதும் என் வேலை. ஒரு நூலை வரிவரியாக, கடைசி அடிக்குறிப்பு வரை படித்தாக வேண்டிய இடம் அது. அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வு நூலின் தரத்தை முன்னட்டையும் பின்னட்டையும் காட்டுவதைவிட, கடைசி ஐம்பது பக்கங்கள் அதிகம் காட்டும்.

பட்டியலில் வரும் அந்த நான்கு வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கையெழுத்துப் பிரதி ஒப்புக்கொள்ளப்பட்டதும் பதிப்பகம் ஆசிரியருக்கு ஒரு நீண்ட வினாப்படிவம் அனுப்பும். நூலை இருநூறு சொற்களில் சொல்லுங்கள், ஐம்பது சொற்களில் சொல்லுங்கள், யார் படிப்பார்கள், இதே பொருளில் ஏற்கெனவே உள்ள நூல்கள் எவை, உங்களுடையது எப்படி வேறுபடுகிறது என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுப்பதை விற்பனைப் பிரிவு வெட்டிச் செதுக்கும். நூல் வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே அது நூலகங்களுக்கும் இணைய விற்பனையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ‘முதல்’, ‘இதுவரை கவனிக்கப்படாத’, ‘புதிய வெளிச்சம்’ என்பவையெல்லாம் ஆசிரியர் தரப்பு சொல்வது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. இன்னும் யாரும் சரிபார்க்காதது, அவ்வளவுதான். புதிய நூலுக்கு ஆய்விதழ்களில் மதிப்புரை வர ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நான்கு வரியில் நான் தேடுவது ஒன்றே ஒன்று: மறுக்கக்கூடிய ஒரு கூற்று இருக்கிறதா? ‘பொதுவளங்களின் மேலாண்மையை அதன் பல்வேறு பரிமாணங்களில் ஆராய்கிறது’ என்று இருந்தால் அதோடு யாரும் சண்டை போட முடியாது. ‘பொதுவளத்தை அரசும் காக்க வேண்டியதில்லை, தனியாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காக்க முடியும், ஆனால் இன்னின்ன நிலைமைகளில் மட்டும்’ என்று இருந்தால் எழுந்து நின்று ‘அதெப்படி?’ என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்க வைக்கிற நூலைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

நான் இங்கே என் சொற்களில் சொன்ன அந்த இரண்டாவது கூற்று, எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட நூலின் மையக் கருத்து. ஆசிரியரை எடைபோடுவது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

1968இல் காரட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இன்னொரு மாட்டைக் கூடுதலாக ஓட்டி வருவார்கள், கடைசியில் நிலம் பாழாகும் என்பது வாதம். அது வேதவாக்குப் போலப் பரவியது. ஆஸ்ட்ரம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1965இல், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டை முடித்திருந்தார். பொருள், அந்தக் கடற்கரையை ஒட்டிய ஒரு நிலத்தடி நீர்ப்படுகை. கிணறுகள் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நீரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள், நீதிமன்றம் போனார்கள், யார் எவ்வளவு எடுக்கலாம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது எப்படி நடந்தது என்பதை உட்கார்ந்து பதிவுசெய்ததுதான் அந்த ஆய்வேடு.

ஆய்வேடு முடிந்த கையோடு அவர் அதை அட்டை போட்டு நூலாக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த நூலில் அந்த நீர்ப்படுகைக் கதை ஓர் அத்தியாயத்துக்குள் அடங்கிவிட்டது. அதைச் சுற்றிலும் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலம், ஜப்பானிய கிராமக் காடுகள், ஸ்பெயினின் வலென்சியப் பாசனக் கால்வாய்கள், பிலிப்பைன்ஸின் பாசனக் குழுக்கள் வந்து சேர்ந்திருந்தன. வெற்றி பெற்றவை மட்டுமல்லாமல் தோற்ற இடங்களும் இருந்தன. அவற்றிலிருந்து நீடித்து நிற்கும் ஏற்பாடுகளுக்குப் பொதுவான எட்டுக் கோட்பாடுகளைப் பிரித்தெடுத்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை ஆலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்டார். அந்தத் துறையில் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

1990இல் உங்களைப் போன்ற ஒருவர் கையில் பட்டியல் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஆசிரியர் பெயர் பொருளாதார வாசகர்களுக்கு அவ்வளவு அறிமுகமில்லாதது. அவர் அரசியல் அறிவியல்காரர். ஆனால் தேடிப் போனால் தடம் இருந்தது: 1965 ஆய்வேடு, அதன் பிறகு வந்த கட்டுரைகள், இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1973இல் கணவரோடு சேர்ந்து தொடங்கிய ஆய்வரங்கம். நூல் வந்தது ஒரு நூல்வரிசையில், அதாவது ஒரே பதிப்பாசிரியர்கள் பொறுப்பில் ஒரு துறையில் தொடர்ந்து வரும் நூல்களில் ஒன்றாக. அந்த வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் டக்ளஸ் நார்த், மூன்றாண்டு கழித்துத் தானே நோபல் பெற்றவர். பெயர் தெரியாவிட்டாலும் தடம் தெரியும் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே பட்டியலில் அறிமுகமில்லாத பெயரைப் பார்த்தால் பதவியைப் பார்க்காதீர்கள். ‘பேராசிரியர்’ என்பது அவருக்கு எங்கே சம்பளம் வருகிறது என்பதைச் சொல்லும், அவ்வளவே. அதே பொருளில் அவர் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றையாவது தேடிப் படியுங்கள். நல்ல ஆய்வு நூலில் ஓர் அத்தியாயமோ இரண்டோ முன்பே ஆய்விதழில் வந்து அடிபட்டுத் தேறியிருக்கும். பதிப்புரிமைப் பக்கத்திலோ நன்றியுரையிலோ அதைக் குறித்திருப்பார்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியின் மூலதனம் பற்றிய நூல் 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தபோது திடீரென்று முளைத்தவர் போல அவரைப் பேசினார்கள். பிரான்சின் உயர் வருமானங்கள் பற்றி 2001லேயே தடித்த நூல் எழுதியவர் அவர். அமெரிக்க வருமான ஏற்றத்தாழ்வு பற்றி இம்மானுவேல் சேஸோடு எழுதிய கட்டுரை 2003இல் வந்தது. 2014 நூலின் முதுகெலும்பு அந்தப் பழைய அட்டவணைகள்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஆண்டில் சம்பந்தமில்லாத மூன்று பொருள்களில் மூன்று நூல் வெளியிட்டிருக்கும் ஒருவரைக் கண்டால் நான் தயங்குவேன்.

இனி நூலின் பின்பக்கம். நூலகத்திலோ இணைய முன்னோட்டத்திலோ நூல் கிடைத்தால் முதலில் நூற்பட்டியலுக்குப் போங்கள். அதில் மிகப் புதிய பதிவு எந்த ஆண்டு என்று பாருங்கள். இந்த ஆண்டு வந்த நூலின் மேற்கோள்கள் பத்தாண்டுக்கு முன் நின்றுபோயிருந்தால் அது பெரும்பாலும் பழைய ஆய்வேடு. தூசி தட்டி அனுப்பியிருக்கிறார்கள். எந்த நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாரோ அந்த நாட்டு மொழியில் எழுதிய ஒருவரையாவது மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இது எனக்கு மிக முக்கியமான சோதனை. ஒரு சமூகத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, அந்தச் சமூகத்தின் மொழியில் வந்த எதையும் படிக்காமல் இருக்க முடிகிறது என்றால் அந்த முந்நூறு பக்கத்தில் ஏதோ குறைகிறது. ஆவணக் காப்பகங்களின் பட்டியல் தனியாக இருந்தால் நல்லது. கோப்பு எண்ணோடு இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் இன்னொருவர் அங்கே போய் அதே தாளை எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது சொல்லடைவு. என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மோசமான அடைவில் ‘பெண்கள்’ என்று போட்டு நாற்பது பக்க எண்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதை வைத்து வாசகர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல அடைவில் அதே தலைப்பின் கீழ் ‘நில உரிமை’, ‘சாட்சியமளித்தவர்கள்’, ‘தொழிற்சங்கத்தில்’, ‘கூலி வேறுபாடு’ என்று உள்தலைப்புகள் பிரிந்திருக்கும். அப்படிப் பிரிக்க வேண்டுமானால் நூலுக்குள் அந்தப் பேச்சு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். ‘பன்முகப் பார்வை’ என்று பின்னட்டை சொல்லும் ஒரு நூலில், அடைவில் பிரிக்க எதுவுமே இல்லாமல் நான் விழித்ததுண்டு.

ஒருமுறை ஒரு வரலாற்று நூலுக்கு அடைவு தயாரிக்கும்போது, இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஒரு தரகரும் ஆறாம் அத்தியாயத்தில் வரும் ஒரு கப்பல் பங்குதாரரும் ஒரே ஆளோ என்று சந்தேகம் வந்தது. பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. ஊரும் தந்தை பெயரும் ஒன்று. இரண்டு மூலங்கள் வெவ்வேறு மொழியில் இருந்ததால் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தது. ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் வந்த கடிதத்தில், காப்பகத்திலிருந்து எடுத்த படங்களை மறுபடி பார்த்ததாகவும் இருவரும் ஒருவரே என்றும் எழுதியிருந்தார். மெய்ப்பு நிலையில் இரண்டு பத்திகளை மாற்றினார். பக்க எண் நகராமல் இருக்க எழுத்தெண்ணி எழுத வேண்டியிருந்தது. தரகு வேலையில் இருந்தவர் இருபது ஆண்டில் கப்பலில் பங்கு வாங்கும் அளவுக்கு உயர்ந்த கதை அப்போதுதான் அந்த நூலுக்குள் வந்தது. அந்த ஆசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் அடுத்து எழுதும் நூல் எதுவானாலும் படிப்பேன்.

நன்றியுரையை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஆசிரியர் எங்கே நடமாடினார் என்பதற்கு நூலிலேயே கிடைக்கும் நல்ல சாட்சியம் அது. எந்தக் காப்பகத்து ஊழியர்களுக்கு நன்றி, எந்தக் கருத்தரங்குகளில் அத்தியாயங்களைப் படித்துக் காட்டினார், யார் முழுப் பிரதியையும் படித்தார், களப்பணியில் யார் மொழிபெயர்த்து உதவினார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இந்த மரபு நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் சொல்லிக் குறித்தார். அதனால்தான் அந்தப் பதிப்பு எதன்மேல் நிற்கிறது என்று இன்றைக்கும் நம்மால் பேச முடிகிறது.

நன்றியுரையைப் படித்த கையோடு பின்னட்டையில் பாராட்டு எழுதியவர்களின் பெயரையும் பாருங்கள். அந்தப் பாராட்டுகள் நூல் அச்சாகும் முன்பே கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதப்பட்டவை. எழுதியவர்கள் பல நேரம் அந்த நூலை மதிப்பீடு செய்தவர்களே. அதில் தவறில்லை. ஆனால் மூவரும் ஆசிரியரின் நெறியாளராகவோ உடன் பணியாற்றியவராகவோ இருந்தால் அந்தப் பாராட்டை வாழ்த்து மடலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகத்தின் பெயர் எவ்வளவு உத்தரவாதம்? ஓரளவுக்கு. கேம்பிரிட்ஜ் பதிப்பகத்துக்கு எட்டாம் ஹென்றி உரிமைப் பத்திரம் கொடுத்தது 1534இல். முதல் நூல் அச்சானது 1584இல். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நூல் அச்சானது 1478இல். அந்த நூலில் ரோமன் எண்ணில் ஓர் எக்ஸ் விட்டுப்போய் 1468 என்று அச்சாகிவிட்டது. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பிழை. லைடனில் 1683இல் தொடங்கிய பிரில், பெர்லினில் 1842இல் தொடங்கிய ஸ்பிரிங்கர் போன்றவை வணிக நிறுவனங்கள். ஆனாலும் ஆய்வு நூல்களே அவற்றின் தொழில். பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் பதிப்பாசிரியருக்கு மட்டும் பிடித்திருந்தால் போதாது. வெளியிலிருந்து பொதுவாக இரண்டு அறிஞர்கள் மதிப்பிட வேண்டும். அதன்பின் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அடங்கிய ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் அவர்களை டெலிகேட்டுகள் என்றும் கேம்பிரிட்ஜில் சிண்டிக்குகள் என்றும் சொல்வார்கள்.

இந்த மதிப்பீடு தவறே செய்யாதா என்றால், செய்யும். 1859இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் கையெழுத்துப் பிரதியை ஜான் மரே என்ற பதிப்பாளர் கருத்துக் கேட்டு விட்வெல் எல்வின் என்பவருக்கு அனுப்பினார். இவ்வளவு பெரிய கோட்பாடு வேண்டாம், புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், புறாவில் எல்லோருக்கும் ஆர்வம் உண்டு என்று அவர் பதில் எழுதினார். மரே அதை ஏற்கவில்லை. 1,250 பிரதி அச்சிட்டார். மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் படித்துவிட்டுத் தானும் யோசிக்கிற பதிப்பாசிரியர் இருக்கிறாரா என்பதில்தான் ஒரு பதிப்பகத்தின் தரம் இருக்கிறது. அதனால் நான் பதிப்பகத்தைவிட நூல்வரிசையைக் கவனிப்பேன். ஒரு வரிசையில் வந்த நான்கு நூல் நன்றாக இருந்தால் ஐந்தாவதையும் நம்பி எடுக்கலாம். அதன் பின்னால் ஒரே கண் இருக்கிறது.

விலைக்கு வருவோம். ஆய்வு நூலை வாங்குவது பெரும்பாலும் நூலகங்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஆயிரத்துக்கு மேல் விற்ற வகை நூல் இன்று சில நூறு பிரதியோடு நின்றுவிடுகிறது. ஆய்விதழ்களின் சந்தா ஏற ஏற நூலகங்களின் நூல் வாங்கும் பணம் கரைந்தது முக்கியக் காரணம். செலவு மட்டும் குறையவில்லை. 2016இல் இருபது அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களை ஆராய்ந்த இதாகா என்ற ஆய்வு நிறுவனம், ஒரு நூலை உருவாக்க ஏறத்தாழ 15,000 டாலர் முதல் 1,30,000 டாலர் வரை ஆகிறது என்று கண்டது. தாளும் அச்சும் அதில் சிறு பங்கு. பெரும்பங்கு ஆட்களின் உழைப்பு: தேர்ந்தெடுப்பது, மதிப்பிட வைப்பது, செப்பனிடுவது, வடிவமைப்பது. அந்தத் தொகையைச் சில நூறு பிரதிகளுக்குள் மீட்க வேண்டும் என்றால் கெட்டி அட்டைப் பதிப்புக்கு அந்த விலைதான் வரும். நூல் கொஞ்சம் ஓடினால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் சாதா அட்டைப் பதிப்பு வரும். பொறுத்திருக்க முடிந்தால் பொறுத்திருங்கள்.

ஆய்வு நூலின் பணக் கதை என்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது. 1686இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம், பிரான்சிஸ் வில்லபி விட்டுச்சென்ற மீன்களின் வரலாற்றைச் செப்புத்தகட்டுப் படங்களோடு அச்சிட்டுக் கையிருப்பைக் காலிசெய்துவிட்டது. அடுத்த ஆண்டு நியூட்டனின் ‘பிரின்சிபியா’ வந்தபோது அச்சிடப் பணமில்லை. சங்கத்தின் எழுத்தர் எட்மண்ட் ஹாலி தன் கைக்காசைப் போட்டு அச்சிட்டார். அவருக்குத் தர வேண்டிய ஊதியத்துக்குப் பதிலாகச் சங்கம் விற்காத மீன் நூல் பிரதிகளைக் கொடுத்தது. நியூட்டனை நாம் படிக்க முடிவது ஹாலி கொடுத்த காசால்தான்.

எழுதியவருக்கும் பெரிதாக எதுவும் வராது. பல ஒப்பந்தங்களில் முதல் சில நூறு பிரதிகளுக்கு ராயல்டியே இல்லை. அவருக்குக் கிடைப்பது வாசகர்கள்தான். அதனால் ஒரு அத்தியாயம் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் ஆசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் அனுப்புவார்கள். ‘உங்கள் நூலைப் படிக்க விரும்புகிறேன்’ என்பதைவிட ‘உங்கள் முந்தைய கட்டுரையில் இந்த இடத்தைப் படித்தேன், இதன் தொடர்ச்சி மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பதாகத் தெரிகிறது’ என்று எழுதுங்கள். நூலகரிடம் வாங்கச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள். வாசகர் கேட்ட நூல் என்பதற்கு நூலகத்தில் மதிப்பு உண்டு. யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க நூல்களையும் பாருங்கள். ஓயேப்பென் என்ற இணைய நூலகம், திறந்த அணுக்க நூல்களின் அடைவான டிஓஏபி இரண்டின் வழியாகவும் மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான நூல்களைச் சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2015இல் தொடங்கிய யுசிஎல் பிரஸ் தன் ஆய்வு நூல்கள் எல்லாவற்றையும் அப்படியே வெளியிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பதிப்பகமான எம்ஐடி பிரஸ் 2021இல், நூலகங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் நூலைத் திறந்துவிடும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இலவசம் என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன சோதனைகள் அங்கேயும் அப்படியே செல்லும்.

இப்போது உங்கள் ஆய்வேடு. ஆய்வேட்டை உங்கள் தேர்வாளர்கள் கடைசிவரை படித்தே ஆக வேண்டும், அது அவர்கள் கடமை. நூலை எடுக்கும் வாசகருக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. நூலாக்குவதில் இருக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவது. ‘முந்தைய ஆய்வுகள்’ என்ற அத்தியாயம் அப்படியே போய்விட வேண்டும். அதில் உண்மையிலேயே நீங்கள் மோதுகிற இரண்டு மூன்று பேரை மட்டும் அந்தந்த இடத்தில் கொண்டுவாருங்கள். ஆய்வு முறையியல் சுருங்கி முன்னுரைக்குள் ஒடுங்கட்டும். ‘இந்த இயலில் இதைக் கூறுவோம்’, ‘இந்த இயலில் இதைக் கூறினோம்’ என்கிற வாக்கியங்களை அடித்தாலே சில பக்கம் குறையும். மொத்தம் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் சொற்களுக்குள் நிற்பது நல்லது. பெரிய வேலை ஒன்று மிச்சமிருக்கும்: ஆஸ்ட்ரம் செய்தது போல, உங்கள் ஒரு நீர்ப்படுகை மற்ற இடங்களுக்கு என்ன சொல்கிறது என்று கேட்பது. அவருக்கு ஆனதுபோல் உங்களுக்கும் இருபத்தைந்து ஆண்டு ஆக வேண்டியதில்லை. ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுவாரமே அனுப்பாதீர்கள்.

எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புவது என்பதற்கு உங்கள் நூற்பட்டியலே விடை சொல்லும். நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டிய நூல்கள் எந்தப் பதிப்பகத்தின் எந்த வரிசையில் வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். அங்கேதான் உங்கள் வாசகர்களும் இருக்கிறார்கள். முழுப் பிரதியை அனுப்ப வேண்டாம். மையக் கூற்று, அத்தியாயச் சுருக்கம், வாசகர் யார், போட்டி நூல்கள் எவை, மாதிரி அத்தியாயம் ஒன்று, உங்களைப் பற்றிய குறிப்பு ஆகியவை கொண்ட முன்மொழிவு போதும். முன்மொழிவை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்பலாம், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முழுப் பிரதி மதிப்பீட்டுக்குப் போனபின் ஓரிடத்தோடு நிற்பதுதான் வழக்கம். மதிப்பீட்டறிக்கை வரும்போது ஒன்று புகழும், ஒன்று கடிக்கும். கடிக்கிற அறிக்கையை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று அமைதியாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலையும் குழு படிக்கும். பட உரிமைக் கட்டணமும் சொல்லடைவுச் செலவும் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு இணையத்தில் ஏறிய சில நாளில் ‘உங்கள் மதிப்புமிக்க ஆய்வை நூலாக வெளியிட விரும்புகிறோம்’ என்று மின்னஞ்சல் வரும். நான்கு நாளில் ஒப்புதல், மதிப்பீடு இல்லை, செப்பனிடல் இல்லை. பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லது பதிப்புரிமையை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இளம் ஆய்வாளர் ஒருவர் அப்படி ஒன்றில் கையெழுத்திட்டார். பிறகு ஒரு நல்ல பதிப்பகம் அவருடைய முன்மொழிவை விரும்பியபோது ‘இது ஏற்கெனவே வெளியானது’ என்ற ஒரே காரணத்தால் கதவு மூடியது. ஆறு ஆண்டு உழைப்பு. பதிப்பகம் உங்களைத் தேடி வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: என் பிரதியை யார் மதிப்பிடுவார்கள், அறிக்கை எனக்குக் கிடைக்குமா? நேரான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்ன மூன்று வகை நூல்கள். பதினெட்டுப் பேர் எழுதிய தொகுப்பு நூலை வாங்காதீர்கள். அதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு கட்டுரை. முன்னுரையைப் படித்துத் தொகுப்பாசிரியர் பதினெட்டையும் ஒரு கேள்வியில் கட்டியிருக்கிறாரா, கருத்தரங்கில் வந்ததை வரிசையாக அடுக்கியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும். பெரிய துறைக் கையேட்டை நூலகத்தில் வைத்துப் படியுங்கள். புதிதாக ஒரு துறைக்குள் நுழைகிறவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை, சொந்தமாக வைத்துக்கொள்ளும் தேவையும் இல்லை. மூன்றாவது, பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் நூல், ஒரே பொருளில் முந்நூறு பக்கம். இப்போது யாரும் பேசவில்லையே என்று தயங்காதீர்கள்: அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் குன் 1962இல் அறிவியல் புரட்சிகள் பற்றி வெளியிட்ட நூல், அது அவருடைய முதல் நூல் இல்லை என்றாலும், முதல் ஆண்டில் ஆயிரம் பிரதிகூட விற்கவில்லை. மூன்றில் நான் வாங்குவதாக இருந்தால் அந்த முதல் நூலைத்தான் வாங்குவேன், அதன் சொல்லடைவைப் பார்த்துவிட்டு.